நாற்பத்தேழாவது புள்ளி

நவம்பர் 9

ஆய்வகக் குறிப்பேட்டில் "இன்று எரிச்சலாக வந்தது" என்று எழுதியதை ஆவுடையப்பன் சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அவர் என் ஆய்வு நெறியாளர். "நடந்ததை மட்டும் எழுதும்மா ஜெபக்கனி. உன் எரிச்சல் டேட்டா இல்ல" என்றார். சரி, அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். எரிச்சலுக்கென்று தனியாக இந்த நோட்டை வாங்கிவிட்டேன்.

இன்று செல்களுக்கு மீடியா மாற்றினேன். இரத்தக் குழாயின் உட்சுவரில் வரிசையாக ஒட்டியிருக்குமே, அந்தச் செல்கள். அவற்றைத் தட்டில் வளர்க்கிறேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய ஊட்டச்சாற்றை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் வந்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை இவற்றின்மேல் ஊற்றி, எந்தச் செல் எப்போது அலறுகிறது என்று பார்ப்பதுதான் நான்கு வருடமாக என் பிழைப்பு. மருத்துவமனையிலிருந்து குப்பிகள் எண்ணோடு வரும், பெயர் இருக்காது. இதுவரை நாற்பத்தைந்து வந்திருக்கின்றன.

அக்கா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். கையில் கையுறை இருந்தது, எடுக்கவில்லை. இது நடந்தது, ஆகவே டேட்டா.

நவம்பர் 12, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து ஊருக்குப் போனேன். தென்காசிக்கு மேற்கே, மலை அடிவாரம். கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் அக்கா ஆட்டுக்குப் புல்லறுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது.

"ஏட்டி, ரெண்டு ஆடு சென. நான் படுத்துட்டா அதுக்கு நீயா வந்து புல்லறுப்ப?"

"அத்தான் அறுக்கட்டும்."

"ஒங்க அத்தான் அறுக்கப் போனா அருவாளத் தொலச்சிட்டு வருவாவ."

அத்தான் அதைக் கேட்டுக்கொண்டே தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். மறுக்கவும் இல்லை. பொன்ராஜ் அத்தானைப் போல அமைதியான மனிதர் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

அரிவாளைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். தலைவலியில் குனிய முடியவில்லை என்றாள். நானே வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றி, சேலை மாற்றிவிட்டேன். இடுப்பில் பாவாடை நாடா பதிந்த இடம் கன்றிக் கறுத்திருந்தது. "இப்படி இறுக்கிக் கட்டினா கறுக்காம என்ன செய்யும்?" என்று திட்டினேன். "தளத்திக் கட்டுனா ஓடுற ஆட்டப் புடிக்க முடியுமாட்டி?" என்றாள். சிரித்தோம். நம் பக்கம் எந்தப் பெண்ணுக்கு அந்த இடம் கறுக்காமல் இருக்கிறது? எனக்கும்தான் இருக்கிறது.

பாராசிட்டமால் கொடுத்துவிட்டு நான்கு மணிப் பேருந்தைப் பிடித்தேன். நாளைக்கு மீடியா.

நவம்பர் 14

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதாம். மழை. குடையை ஆய்வகத்தில் மறந்துவிட்டேன்.

நவம்பர் 16

ஆறாவது நாளாகக் காய்ச்சல். ஊரில் உள்ள கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டிருக்கிறார்கள். டெங்கு இல்லையாம், "வைரல்" என்றாராம். மழைக்காலம், மலை அடிவாரம், புல் அறுக்கிறவள். இதைச் சொன்னால் என் தட்டில் உள்ள செல்கள்கூட நோயின் பெயரைச் சொல்லிவிடும். போனிலேயே விசாரணை நடத்தினேன்.

"அக்கா, கக்கத்துல, தொடை இடுக்குல, மாருக்குக் கீழ, காதுக்குப் பின்னால, எங்கயாவது சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு இருக்கா? உண்ணி கடிச்ச தடம் அது, வலிக்காது, அரிக்காது. நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்லட்டி. பாத்துட்டேன்."

இல்லையென்றாலும் பரவாயில்லை, உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளின் எழுதித் தரச் சொல் என்று அத்தானை அனுப்பினேன். டாக்டர், "ஆராய்ச்சி பண்றவங்க போன்ல சொல்றதுக்கெல்லாம் நான் மருந்து எழுத முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அத்தானும் வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

நான் இங்கிருந்து மருந்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இரண்டு பேருந்து மாறி மூன்று மணி நேரப் பயணம். போகவில்லை. காரணம் எழுத மாட்டேன்.

செல்களுக்கு மீடியா மாற்றினேன். நேற்றுச் சீரம் ஊற்றிய செல்களின் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு இன்று சரியாக வந்தது. சார், "குட்" என்றார்.

நவம்பர் 18

விடிந்ததும் அத்தான் போன். "கனி, ஒங்க அக்கா பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்குதா." அந்த மனிதரின் குரல் நடுங்கி இன்றுதான் கேட்டேன். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்தார்கள். நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அக்கா, "வேலைக்குப் போவலியாட்டி?" என்றாள். இந்த இரண்டு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

பணி மருத்துவர் ரிஸ்வானா. என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். நான் நோயின் பெயரைச் சொன்னேன், கிருமியின் பெயரைச் சொன்னேன், மருந்தின் அளவைச் சொன்னேன், ஆய்வுக் கட்டுரைகளைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மருந்து ஏறிட்டு இருக்கு மேடம். நீங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டாச்சு" என்றார்.

இதை நான் மறக்கக்கூடாது. சண்டை போடுவதற்கென்றே தயாராக வந்த எனக்குச் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் 19

காலையில் வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். நுரையீரலில் நீர்.

டாக்டர் ரிஸ்வானா என்னை வெளியே அழைத்துச் சொன்னார். "பொருக்கு கெடச்சிருச்சு. இடுப்புல, நாடா கட்டுற எடத்துல. மொளகு அளவு கறுப்பு, சுத்திச் செவப்பு வளையம். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இல்லை" என்றேன்.

"கவனிக்கத் தோணாது. எங்க உம்மாவுக்கு அந்த எடம் கறுப்பு, எங்க வார்டு சிஸ்டர் எல்லாருக்கும் கறுப்பு. பாக்குறவங்க எல்லாரும் நாடாத் தழும்புன்னு விட்டுருவாங்க. அதனால நான் நாடாவ அவுக்காம எந்தப் பொம்பளையையும் பாக்குறதில்ல."

மதியம் ஒரு செவிலியர் படிவத்தோடு வந்தார். நோயாளியின் இரத்தத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் படிவம். அதன் தமிழ் வாசகத்தை எழுதியவளே நான்தான். "உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது, எண்ணால் மட்டுமே குறிக்கப்படுவீர்கள்" என்ற வரியை நானே எழுதி, நானே இரண்டு முறை திருத்தினேன். உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 20

இரத்த அழுத்தம் நிற்கவில்லை. அத்தான் எதுவும் சாப்பிடவில்லை. சாருக்குப் போன் செய்து, வர முடியாது என்றேன். "செல்கள் என்னாகும்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 21

இன்று ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் அத்தான் என்னிடம் கேட்டார். "கனி, நீ இதத்தான படிக்க? உள்ள என்ன நடக்கு, எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு."

சொன்னேன். புல்லில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு ஒன்று கடித்திருக்கிறது. அதன் எச்சிலில் இருந்த கிருமி இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள் நுழைந்துவிட்டது. திருடன் வீட்டுக்குள் வந்ததும் அந்தச் செல் அதை உணர்ந்து அலறுகிறது. அலறல் என்றால் சத்தம் இல்லை. செல்லின் சுவரில் தொடங்கும் ஒரு சமிக்ஞை கைமாறிக் கைமாறி உள்ளே கருவுக்குப் போகிறது, அங்கே பூட்டியிருந்த ஜீன்களைத் திறந்துவிடுகிறது. உடனே அந்தச் செல் ஆயிரக்கணக்கில் சிறு சிறு மூலக்கூறுகளை இரத்தத்தில் தூது அனுப்புகிறது. அதைக் கேட்டு அடுத்த செல் அலறும். வெள்ளை அணுக்கள் ஓடி வரும். அவை நுழைய வழிவிட்டு, குழாய்ச் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக நீர் கசியும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு முட்டும். எல்லா இடத்திலும் கசிந்தால் அழுத்தம் விழும்.

"அப்போ கிருமி கொல்லல?" என்றார் அத்தான்.

"கிருமியும் கொல்லும். அதை விரட்டக் கிளம்புன நம்ம உடம்பும் சேந்து கொல்லும். மருந்து கிருமியத்தான் நிறுத்தும். அலறல் தானாத்தான் அடங்கணும்."

"ஒங்க அக்கா எப்பவுமே கத்திட்டா நிறுத்த மாட்டா" என்றார் அத்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், ஒன்றைத் தவிர. இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் பொருக்கை நான் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, இதே கண்ணால், ஒரு முழ தூரத்தில். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அதன் வண்ணப் படங்கள் நான்கு இருக்கின்றன. போனில் அக்காவிடம் கக்கம், தொடை, மார், காது என்று அடுக்கினேன், இடுப்பைக் கேட்கவில்லை. அவள் சொன்ன "இல்ல" பொய்யில்லை. நான் டாக்டரிடம் சொன்ன "இல்லை"தான் பொய். பதினாறாம் தேதி நான் போகாததற்குக் காரணம் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு. என் அக்காவுக்கு நடந்துகொண்டிருந்ததை நான் ஒரு தட்டில் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதிவிட்டால் மனசு ஆறும் என்று சொல்வார்கள். ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். நாளைக் காலை டாக்டர் ரிஸ்வானாவிடம் சொல்லப் போகிறேன்.

நவம்பர் 22

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்களே தவறவிட்டீங்கன்னா இத நான் ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லலாமா?" என்று கேட்டார். "என் பேரைப் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

நேற்று இரவு ஆய்வகத்தில் என் செல்கள் எல்லாம் செத்துவிட்டன. டெக்னீசியன் உலகநாதன் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாகட்டும்.

நவம்பர் 23

காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 26

குழாயை எடுத்துவிட்டார்கள். குரலே வரவில்லை. வாயருகே காதை வைத்தேன். "ஆடு?" என்றாள்.

"ஒண்ணு ஈனிருச்சு. ரெண்டு குட்டி."

"எது?"

"எனக்கு எப்படித் தெரியும், எல்லாம் ஆடுதான்."

கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அறிவில்லை என்பதை மூடிய கண்ணாலேயே சொல்ல என் அக்காவால் மட்டும்தான் முடியும். வெளியே வந்து வராண்டாவில் நின்று சத்தமாக அழுதேன். ஒரு வார்டு அம்மா தண்ணீர் கொடுத்தார், இறந்துவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல, திட்டுறா" என்றேன்.

டிசம்பர் 4

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கைப்பிடித்துத்தான் நடக்கிறாள். காலை இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் தண்ணீராக இருந்ததாம், செவிலியரிடம் புகார் செய்துவிட்டுக் கிளம்பினாள்.

நான் புதிய செல்களைத் தட்டில் இறக்கினேன்.

டிசம்பர் 13

நவம்பரில் வந்த குப்பிகளை இன்று கருவியில் ஓட்டினேன். நாற்பத்தாறு முதல் ஐம்பத்திரண்டு வரை. அலறல் மூலக்கூறுகளின் அளவைக் கருவி புள்ளியாக வைக்கும். பிழைத்தவர்கள் எல்லாம் கீழே ஒரு கூட்டமாக, இறந்தவர்கள் மேலே ஒரு கூட்டமாக. நான்கு வருடமாக இந்தப் படம் இப்படித்தான்.

நாற்பத்தேழு மட்டும் உச்சியில் தனியாக நிற்கிறது. இறந்தவர்களுக்கும் மேலே. பக்கத்தில் "பிழைத்தார்" என்று குறிப்பு.

அது யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது. ஆனால் எடுத்த தேதி குப்பியில் இருக்கிறது. நவம்பர் பத்தொன்பது அன்று ஒரே ஒரு குப்பிதான் வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். அவள் அவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

டிசம்பர் 14

சாரிடம் படத்தைக் காட்டினேன். ஒரே பார்வையில் விரலை அதன்மேல் வைத்தார்.

"இத எடுத்துரு. இந்த அளவு இருந்தா ஆள் உயிரோட இருக்க முடியாது. ஒண்ணு கருவி தப்பு, இல்ல குப்பி மாறிருச்சு. இது ஒண்ணால மொத்த கிராஃபும் கெடுது."

"சார், அது எங்க அக்கா."

நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எண் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆகவே நான் ஓட்டியதை நம்ப வேண்டாம், வேறு யாராவது எண்ணை மறைத்து மறுபடி ஓட்டட்டும் என்றேன். சார், "ஓட்டச் சொல்லு. ஆனா எடுக்கத்தான் போறோம்" என்றார்.

டிசம்பர் 19

உலகநாதன் அண்ணன் எண்களை மறைத்து, வரிசையைக் கலைத்து, மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் ஒரு குப்பி உச்சிக்குப் போனது. மறைத்த தாளைக் கிழித்துப் பார்த்தோம். நாற்பத்தேழு. "ஒங்க அக்கா அடங்க மாட்டாவ போலயே" என்றார் அண்ணன்.

டிசம்பர் 20

சார் இன்னும் மசியவில்லை. கருவி சரி, குப்பி சரி. ஆனால் கட்டுரையைப் பார்க்கும் வெளிநாட்டு நிபுணர் நம்ப மாட்டாராம். "அலறல் அதிகமானா மரணம். அதுதான் நம்ம முடிவு. அழகா வந்திருக்கு. ஒரே ஒரு ஆளுக்காக அத ஏன் கெடுக்கணும்?"

"அந்த ஒரு ஆள் ஏன் சாகலன்னு எனக்குத் தெரியல சார். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ படத்துல கேள்வி கேக்குற புள்ளி அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நமக்கு முன்னாடியே தெரிஞ்சது."

"நீ தங்கச்சியாப் பேசுற."

"ஆமா சார். ஆய்வாளராப் பேசினாலும் இதத்தான் பேசுவேன். அத எடுத்துட்டு அனுப்புறதா இருந்தா என் பேரையும் எடுத்துட்டு அனுப்புங்க."

நான்கு வருட உழைப்பை ஒரு வாக்கியத்தில் அடகு வைத்துவிட்டு வெளியே வந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு முறை கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

டிசம்பர் 25

ஊரில். அக்கா கறி சமைத்தாள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள், மீதியை நான் முடித்தேன். உப்பு அதிகம் என்றாள். சார் விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆளு நான் செத்துட்டேங்காரா?"

"உன்னையச் சொல்லல. அந்த அளவுக்கு யாரும் பிழைக்க மாட்டாங்கன்னு சொல்றார்."

"ரெண்டும் ஒண்ணுதானட்டி."

ஜனவரி 5

மறுபரிசோதனைக்கு அக்கா வந்தாள். டாக்டர் ரிஸ்வானா நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டினார். இரண்டாவது முறை ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். இந்த முறை அக்காவே கையெழுத்துப் போட்டாள். படிவத்தை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தாள். பேரை வெளியே சொல்ல மாட்டோம் என்ற வரியில் நிறுத்தி, "நானே சொல்லலாமா?" என்று செவிலியரிடம் கேட்டாள். உங்கள் இஷ்டம் என்றார் அவர்.

வெளியே வந்ததும், "ஒங்க சாரு எங்க இருப்பாரு?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவளுக்கு ஆகாத விஷயம் இது என்றேன். அத்தானும் சொல்லிப் பார்த்தார். என் அக்கா யார் சொல்லைக் கேட்டிருக்கிறாள்? பல்கலைக்கழகத்துக்கு ஆட்டோ பிடித்தோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி. ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினாள், நான் பிடிக்க வந்தால் கையைத் தட்டிவிட்டாள். சார் என்னைத் துரத்திவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன், இவள் படியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிட அதிகமாக யோசித்தேன்.

சார் கணினி முன்னால் இருந்தார். கதவைத் தட்டிவிட்டு அக்கா முதலில் நுழைந்தாள்.

"யாரும்மா?"

"ஜெபக்கனிக்க அக்கா சார். பேரு ரத்தினபாய். நான் உக்காரலாமா? ஒங்க படி ரொம்ப ஒசரம்."

சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் மார்பு ஏறி ஏறி இறங்குவதை சார் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு வருடமாக இந்த அறையில் எத்தனையோ குப்பிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு நோயாளி இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

"எம் படம் இருக்குன்னு இவ சொன்னா. காட்டுங்க" என்றாள்.

சார் திரையை அவள் பக்கம் திருப்பினார். கீழே ஒரு கூட்டம் புள்ளிகள், மேலே ஒரு கூட்டம்.

"கீழ இருக்கறவங்க?"

"பிழைச்சவங்கம்மா."

"மேல?"

சார் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அக்கா புரிந்துகொண்டாள். அந்த மேல் கூட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர்களை எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். பதினொரு பேர். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இதுல நான் எது?"

சார் விரலைத் தூக்கினார். கீழ்க் கூட்டத்தைத் தாண்டி, அந்தப் பதினொரு பேரையும் தாண்டி, உச்சியில் தனியாக நின்ற புள்ளிக்குக் கொண்டுபோய் வைத்தார். விரலை உடனே எடுக்கவில்லை.

"அது அங்ஙனயே இருக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "எறக்காதீங்க."